மைனஸ் ஒன்றாவது வரி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கணினித் திரையில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

ரத்த வங்கியின் கணினியில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் இருந்தது. கேட்ட வகை ரத்தம் உள்ளவரின் வரியைத் தானாகத் தேர்ந்தெடுத்து நீலமாக்கும்படி ஒரு பெண் புரோகிராம் எழுதியிருந்தாள். யாருமே பொருந்தாவிட்டால் அது ‘மைனஸ் ஒன்று’ என்று காட்டும். ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஒருநாள் பகலில் அவளுடைய அக்காவுக்கே பிரசவத்தில் அபூர்வ வகை ரத்தம் தேவைப்பட்டது. பட்டியலைத் தேடிய புரோகிராம் மைனஸ் ஒன்று என்றது. ஆனால் முதல் பெயருக்கும் மேலே, வரியே இல்லாத இடத்தில், நீலமாக ஒரு வரி தெரிந்தது. அதில் பெயர் இல்லை. போன் நம்பர் மட்டும் இருந்தது.

“உன் புரோகிராம் உளறுதும்மா,” என்றார் நர்ஸ்.

“உளறினா உளறட்டும் சிஸ்டர், நீங்க போனைப் போடுங்க!”

முதல் மணியிலேயே எடுத்தார் ஒருவர். “ஆஸ்பத்திரி வாசல்லதான் ஸ்கூட்டரை நிறுத்திட்டேன்மா. எத்தனாவது மாடி?”

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ரத்தம் பொருந்தியது. அக்காவும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

“உங்க பேரை லிஸ்ட்ல சேர்த்துக்கவா சார்?” என்று கேட்டாள் தங்கை.

“வேண்டாம்மா. வரிசையில நின்னா லேட்டாயிடும்,” என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே அவர் படியிறங்கினார்.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும் கண்ணுகளா. தவித்த நேரத்தில் துணை வந்து சேரட்டும்.