ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு சிரிப்பு

ஆயுத பூஜைக்காக ஓய்ந்திருக்கும் ஒரகடம் அசெம்பிளி லைனில், பொட்டு வைத்த ஸ்பேனர்களுக்கு நடுவே, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு வயதான கறுப்பினப் பெண்ணின் படம். மேனேஜர் வரும் நேரம். கற்பூரத்தைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்கும் கிறிஸ்தவரான சூப்பர்வைசர் சின்னப்பராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டே படத்தைச் சுட்டுகிறார். “இன்னாம்மா இது? உன் சொந்தமா?” “ஜமைக்காவுல நாடக நடிகை, சார். போன வாரம் செத்துப்போயிட்டாவ,” என்கிறாள் லைனில் வேலைபார்க்கும் மாரிசெல்வி. மத்தியானம் கலைநிகழ்ச்சியில் முதன்முதலாக மேடையேறப் போகிறவள். “ஆஸ்டல்ல இவிய வீடியோவப் பாத்துப் பாத்துத்தான் நடிக்கப் படிச்சேன். உங்களுக்கு ஸ்பேனரு மாதிரி எனக்கு இவிய.” “எட்த்துடும்மா, எனக்கு வேட்டு வெச்சிடாத.” அவள் எடுக்கவில்லை, கிரீஸ் ஏறிய நகத்தால் படத்தின் சுருண்ட மூலையை நீவிவிடுகிறாள். டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பற்களில் விழுகிறது. பார்க்கப் பார்க்க, லைனில் சிரித்தால் உற்பத்தி குறையுமென்று நம்புகிற சின்னப்பராஜின் உதடும் லேசாக இளகுகிறது. ஷூ சத்தம் நெருங்கி நிற்கிறது. “யாருப்பா இவங்க?” என்கிறார் மேனேஜர். மாரிசெல்வி தலை குனிகிறாள். “நம்ம செல்வியோட வாத்தியாரம்மா, சார். போன வாரம்தான் தவறிட்டாங்க,” என்கிற சின்னப்பராஜ், அடக்கத்துக்குப் போய்வந்த ஆள்போலச் சிலுவை போட்டுக்கொள்கிறார்.