வேலை கிடைத்த பெண்

சைமி பேசி முடித்ததும் தாம்பரே நகர அரங்கில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வாயில் ஏலக்காய் பன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"படிப்ப விட்டுட்டு ரூமுக்குள்ளயே கிடந்தேன். இந்தத் திட்டத்துக்காரங்கதான் கதவத் தட்டி, பேக்கரில வேலை வாங்கிக் கொடுத்தாங்க." அவ்வளவுதான் பேச்சு. ஊர் ஊராக இதே பேச்சு.

இளைஞர் வேலைத் திட்டத்தின் தலைவி கெர்த்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னிட்டே போ! திட்டத்த இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சிட்டாங்க. நாளைக்கு ஹெல்சிங்கில பேசணும்."

"நாளைக்கேவா?"

"லீவுதானே பிரச்சினை? உன் முதலாளிகிட்ட நானே கேக்கறேன். நல்ல காரியத்துக்கு ஒரு நாள் விட மாட்டாரா?"

"கேக்காதீங்க. அவரு போன மாசமே என்னை வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

"ஐயையோ, ஏன்?"

"'மாவு பிசையத்தான் ஆள் எடுத்தேன், மேடையில பேசறதுக்கில்ல'ன்னாரு."

கெர்த்துவின் முகம் இருண்டது. ஒரு வாய் காப்பி குடித்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ நாளைக்கு நாள் முழுக்க சும்மாதானே இருப்பே? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு கூட்டமா வச்சிடலாம். பேச்ச மட்டும் மாத்திடாத!"