நேற்று முடிந்த வளைவு

மழை விட்டு, ஏரிக்கரைப் புல்மேட்டில் மாலை வெயில் விழுகிறது. சாரத்தின் மேல் கொத்தனார் ஜேபஸ் சம்மட்டியோடு நிற்கிறார். எதிரே அவர் ஆறு மாதமாகக் கட்டிய கோட்டைச் சுவர். அதன் சன்னல் வளைவு நேற்றுத்தான் முடிந்தது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அதைத்தான் இப்போது உடைக்க வேண்டும். பல நூறு வருஷத்துக்கு முன் இடிந்த கோட்டை மாதிரி ஒன்று தன் தோட்டத்து ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்பது லவீனியா சீமாட்டியின் ஆசை. அவள் ஈரப் புல்லில் பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி, கீழே காத்திருக்கிறாள். ஜேபஸ் வளைவைத் தடவிப் பார்க்கிறார். "முப்பது வருஷமா விழாம கட்டத்தாம்மா கத்துக்கிட்டேன். கை வர மாட்டேங்குது." ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்த அவர் மனைவி ஹெஸ்டர் சிரிக்கிறாள். "யோவ், வீட்டுல எத்தனை சட்டிய உடைச்சிருக்கே! அப்பல்லாம் நல்லா வந்துச்சே கை!" சீமாட்டியும் சிரித்துவிடுகிறாள். ஜேபஸ் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கிறார். நாலைந்து கற்கள் உருண்டு புல்லில் புதைகின்றன. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை நிமிர்ந்து பார்க்கின்றன. அவர் கண்ணைத் திறக்கிறார். வளைவு இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. அதன் கீழே ஏரி முழுவதும் மின்னுகிறது. தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்க்கிறார். "அருமை! போதும், இறங்கி வா ஜேபஸ்" என்கிறாள் சீமாட்டி. அவர் இறங்கவில்லை. உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொள்கிறார். "அந்த இடது பக்கம் இன்னும் ஒரே ஒரு கல்லும்மா."