வயது ஐம்பத்திரண்டு

ஃபிளெக்ஸை மின்கம்பத்தில் கட்டி முடித்தபோது மணி ஏழரை.

கண்ணீர் அஞ்சலி. சுகுமாரன், வயது 52.

பேர் சும்மா வைத்தது. படம் அனகாவின் அப்பாவுடையது. அவர் சாகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டில், இன்னொருத்தியோடு குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

சினிமா வகுப்பில் கேட்டது ஒரு குடும்பப் படத்தின் தொடக்கம் மட்டும். இரண்டே நிமிஷம். படம் தொடங்குமுன் நன்றி சொல்லும் அட்டையே ஒரு நிமிஷம் ஓடுகிற கேரளத்தில் அது கொஞ்சம் அநியாயம்தான்.

அமல் இயக்கம், அவனே கேமரா. அனகா நடிப்பு, மீதி எல்லா எடுபிடியும். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் நடந்து வருகிறாள். முக்கில் அப்பாவுக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் தொங்குகிறது. நிற்காமல் கடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை. எழுதியது அனகா.

செத்தவர் படம் ஒன்று வேண்டுமென்று அமல் தேடியபோது, தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் எப்போதோ போனார் என்று சொல்லி அவள்தான் இதைக் கொடுத்தாள். வயதையும் அவளே மனக்கணக்காகப் போட்டுச் சொன்னாள்.

அந்த ஆள் நமக்குச் செத்தாச்சு. ஏழு வருஷமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இது. பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டாலும் இதேதான் பதில். செத்தவருக்கு ஒரு ஃபிளெக்ஸாவது வேண்டாமா என்று அனகாவுக்கு இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிற்காமல் நடந்து காட்ட வேண்டும். அது போதும்.

அப்பாவைத் தெரிந்தவர்கள் இல்லாத முக்காகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரே ஒரு சங்கடம். திருச்சூர் ஜவுளிக்கடைக்கு அம்மா வேலைக்குப் போகும் பஸ் எட்டே காலுக்கு இந்த வழியாகத்தான் போகும். எட்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும்.

முதல் தடவை நன்றாகவே நடந்தாள். கால் தயங்கவில்லை. இன்னொரு தடவை போகலாம் என்றான் அமல்.

அதற்குள் ஊர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். மீன்காரர் வண்டியை ஓரம்கட்டித் தலைத்துண்டை அவிழ்த்தார். வாசகசாலைச் செயலாளர் எங்கிருந்தோ கறுப்புக் கொடியோடு வந்து, யாரையும் கேட்காமல் கம்பத்தில் ஏறிக் கட்டிவிட்டு, உடலை எப்போது கொண்டுவருகிறார்கள் என்று அனகாவிடமே விசாரித்தார். சினிமா என்று சொன்னதும் அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கட்டிய கொடியை உடனே அவிழ்ப்பது முறையில்லை என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் அரை மணி நேரம் கரைந்தது. அமலோ, கொடியோடு பார்க்க இன்னும் நன்றாக இருக்கிறது, கடைசியாக ஒன்று எடுத்துவிடலாம் என்று காலில் விழாத குறை.

அவள் மணியைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதுதான் தப்பு.

கேமரா ஓட ஆரம்பித்து, அதன் பக்கத்திலிருந்து அனகா தன் இடத்துக்குப் போவதற்குள் பஸ் வந்தது. நிறுத்தத்தில் நின்று கிளம்பி, பத்தடி போய் மறுபடி நின்றது. உள்ளே யாரோ மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்று விழுந்தது. அதை எடுக்கவில்லை. ஓடிவந்து ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே நின்றாள். படத்தைப் பார்த்தாள். பேரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது தெரியாமல் நின்றாள்.

அமல் மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டான். "யாருடி அந்தச் சேச்சி? பேசாதே, ஓடட்டும். நீ ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி நடிக்க மாட்டே."



டீக்கடைக்காரர்தான் மனசு பொறுக்காமல், ஒன்றுமில்லை, பிள்ளைகள் ஏதோ சினிமா எடுக்கிறார்கள் என்று கூப்பிட்டுச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு கடை பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

அனகா போய் முன்னால் நின்றாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா அடிக்கவில்லை. குனிந்து செருப்பில்லாத காலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வயசு தப்பு. மீன மாசம் மகம் நட்சத்திரம் வந்தாத்தான் ஐம்பத்திரண்டு."

சொல்லிவிட்டுச் செருப்பை எடுக்க எழுந்து போனாள்.

மீன மாதத்தில் ஒரு நாள் அம்மா மீன் சமைக்க மாட்டாள். விடியுமுன் கோயிலுக்குப் போய், வாழையிலைத் துண்டில் பாயசத்தோடு திரும்புவாள். எதற்கு என்று கேட்டால், உன் பரீட்சைக்குத்தான், வாயைத் திற என்பாள்.

பிளஸ் டூ முடித்துவிட்டு அனகா வீட்டில் சும்மா இருந்த வருஷம் ஒன்று உண்டு. பரீட்சையே இல்லை.

அந்த வருஷமும் பாயசம் வந்தது.