லோசா விற்ற வெள்ளைக் கவுன்கள்

"பொய் சொல்ற வாய் வெந்து போகும்டி, செஃபினா!"

"என் வாய் வெந்தா வேகட்டும். நாளைக்கு ஊர்ப் பிள்ளைங்க வேகாம இருந்தா போதும்!"

கடை வாசலில் லோசா. ரோட்டில் செஃபினா. நடுவில், வேறு வேலையே இல்லாததுபோல் ஊர்ப் பெண்கள்.

அந்தத் தீவில் மாலை ஜெப மணி அடித்துவிட்டால், ஜெபம் முடியும்வரை யாரும் வெளியே நிற்கக் கூடாது. அதனால் சண்டை கொஞ்சம் அவசரமாகவே நடந்தது.

விஷயம் இதுதான். மறுநாள் வெள்ளை ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகள் உட்கார, பெரியவர்கள் பரிமாறுவார்கள். பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோயிலில் வசனம் ஒப்பிக்க வேண்டும்.

அந்த வெள்ளையை வருஷா வருஷம் தைத்தவள் செஃபினா. இந்த வருஷம் லோசாவின் கடைக்குக் கப்பலில் பெட்டி பெட்டியாகக் கவுன்கள் வந்து இறங்கின. அடுக்கடுக்காக நெட் துணி, இடுப்பில் பூ. விலையோ செஃபினா வாங்கும் கூலியைவிடக் குறைவு. ஊரில் ஒரு பெண்பிள்ளை பாக்கியில்லாமல் வாங்கிவிட்டார்கள். அவை சட்டென்று தீப்பிடிக்கும் என்று இன்று கிளம்பியிருந்தாள் செஃபினா.

"உன் தையல் மிஷின்ல பல்லி முட்டை போட்டிருச்சு. அந்த வயித்தெரிச்சல்தான் இங்க எரியுது. என் கவுன் எரியலை!" என்றாள் லோசா.

பெண்கள் சிரித்தார்கள். நல்ல அடி.

"அந்தப் பக்கத் தீவுல ஒரு பிள்ளைக்கு மார்பு வெந்து ஆஸ்பத்திரியில கிடக்குது. இதே கவுன்தான். விளக்குப் பக்கத்துல போனதும் பிடிச்சுக்கிச்சு." செஃபினாவின் குரல் நடுங்கியது. கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"எந்த ஊர்ப் பிள்ளை? பேரு என்ன?"

"பேரு வேற சொல்லணுமா உனக்கு? பாவம், அந்தத் தாய்."

வையோலா என்றொருத்தி உண்டு. எரிகிற இடத்தில் விசிறியோடு நிற்பவள். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். "எதுக்கு அக்கா வீண் பேச்சு? ஒரு குச்சி போதும். கிழிச்சுப் பாத்துட்டுப் போங்க ரெண்டு பேரும்."

செஃபினா தீப்பெட்டியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

லோசாவும் வாங்கவில்லை.

"கர்த்தர் முன்னாடி போடப்போற துணியில நெருப்பு வைப்பாங்களா? அபசகுனம்!" என்றாள் லோசா. பெண்கள் தலையாட்டினார்கள். செஃபினா வாங்காததைத்தான் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. இனி இந்த ஊரில் ஒரு கிழிசல்கூடத் தைக்க வராது.

லோசா அதைப் பார்த்துவிட்டாள். குரலை ஏற்றினாள். "நாளைக்கு என் மக லூபேயும் இதைத்தான்டி போடப்போறா. பெத்த பிள்ளைக்கு எவளாவது கொள்ளி வைப்பாளா?"



கடையை ஒட்டிய வீட்டுக்குள் லூபே இதைக் கேட்டாள். ஆறு வயது. எத்தனையோ நாளாகக் கெஞ்சியும் கிடைக்காத கவுன். பெட்டியிலிருந்து ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பாவாடையை விரித்தபடி முற்றத்தில் ஓடிவந்தாள்.

முற்றத்தில், கூட்டி வைத்த பலாச்சருகுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டு முற்றத்திலும் அந்நேரம் புகைவதுதான்.

லூபே அதன் பக்கத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

லோசா போட்ட சத்தத்தில் நாய்கள் எழுந்துவிட்டன.

அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் கழுத்தில் கைபோட்டுக் கவுனை மேலிருந்து கீழ்வரை கிழித்து, உருவி, வீசி எறிந்தாள்.

காற்று அதைச் சருகுமேல் உருட்டியது.

குப்பென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். பூவும் இல்லை, நெட்டும் இல்லை. கறுப்பாக ஏதோ சொட்டிச் சொட்டி எரிந்தது.

லூபேதான் முதலில் பேசினாள்.

"அம்மா, அன்னைக்கு உன் கைய சுட்டதும் இப்படித்தானா?"

எல்லாக் கண்களும் லோசாவின் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டுக்குப் போயின. அடுப்புக் கல் சுட்டுவிட்டது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில், கவுனில் தொங்கும் நூல் பிசிரைத் தீக்குச்சியால் கருக்கப் போய்ச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிசிரைக் கருக்குவது இங்கே எல்லாத் தாய்மாரும் செய்வது. பலர், பிள்ளைக்கு உடுத்திவிட்ட பிறகுதான் செய்வார்கள்.

முதலில் ஓடியது வையோலா. தீப்பெட்டி ரோட்டிலேயே கிடந்தது. பிறகு எல்லாரும் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு ஓடினார்கள்.

மணி அடித்தபோது ரோட்டில் ஒருத்தருமில்லை.

மறுநாள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையிலும் அண்ணன்மாரின் சட்டையிலும் நின்று வசனம் ஒப்பித்தார்கள். லோசாவும் லூபேயும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் லோசா கடையை விட்டாள். ஆக்லாந்தில் இருக்கும் தங்கையிடம் போவதாகப் பேச்சு. கடையை எடுக்க வந்த ஆளை அடுத்த வருஷமே வையோலா கல்யாணம் செய்துகொண்டாள். அது வேறு கதை.

வழியனுப்ப யாரும் போகவில்லை. செஃபினா மட்டும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். என்னென்ன எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்க்கத்தான்.

பஸ் ஏறும்போது லோசா திரும்பினாள். முகத்தில் சண்டை இல்லை.

"என் வீட்டுக் கதவைச் சாத்திட்டுதான் அந்தப் பிசிரைக் கருக்கினேன். ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, அக்கா?"



செஃபினா என்ன சொல்வாள்? அந்தத் தீவுப் பிள்ளையை அவள் சண்டை நடந்த அன்று காலை, துணி துவைக்கும்போதுதான் இட்டுக்கட்டினாள்.