சாம்பிளுக்கு இரண்டு கிலோ

கோப்பாயில் குகதாசனின் தோட்டத்தில் நாற்பது மூடை கத்தரிக்காய் ஏற்றுவதற்குக் காத்திருந்தது. காயில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதா என்று சோதிக்க வந்த அதிகாரி வாகனத்தை விட்டு இறங்கவேயில்லை.

"அண்ணை, சாம்பிளுக்கு ரெண்டு கிலோ தாங்கோ."

குகதாசன் பையோடு உள்ளே போய் நிரப்பி வந்து கொடுத்தார்.

மத்தியானம் முடிவு வந்தது. துளி மருந்தும் இல்லை! கடுதாசியோடு வீட்டுக்கு ஓடினார். மகள் ஆரணி கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"காய் ஏதப்பா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மூடையிலைதான் எடுத்தனான்," என்றாள் அருந்ததி. "எங்களுக்கெண்டு மருந்தடிக்காமல் வளத்த ஆறு கத்தரியையும் காலமை நீங்கள் மொட்டையாக்கிப் போட்டியள். அதுக்கென்ன, சுத்தமெண்டு கடுதாசி தந்திட்டினம்தானே?"

குகதாசன் மகளின் வெறுந்தட்டைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.