ஏழில் ஒன்று

பல் டாக்டர் தன் புதுக் காரின் டிக்கி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறக்க இரண்டு பக்கமும் இடமில்லை. முதலில் ஒரு கால் வந்தது. பிறகு செருப்பு தனியாக விழுந்தது. அதற்கப்புறம்தான் முழு டாக்டரும் வந்து சேர்ந்தார்.

அளவு நாடாவும் பெயின்ட் டப்பாவுமாக நின்ற வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவியை யாரும் தொடாததால், நான்கு வருடமாக அதுவும் அவர் தலையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் பழைய கோடுகளை அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

சுவரின் நீளம் பதினாறு மீட்டர். கட்டடம் வந்த காலத்தில் எல்லோரிடமும் சின்னக் கார். ஏழு கட்டம் போட்டார்கள், ஏழும் நின்றன. இன்று வருவதெல்லாம் அகலம், உயரம். நான் சின்னதாகத்தான் கேட்டேன், அந்த மாடலையே நிறுத்தியாயிற்று என்று ஷோரூமில் சிரித்தார்கள் என்று டாக்டர் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

வாத்தியாரும் போன வருடம் பெரிய காருக்கு மாறியவர்தான். அதனால் வாயைத் திறக்க முடியவில்லை.

இப்போதைய அகலத்துக்கு ஆறுதான் நிற்கும். ஒருவர் வெளியே போக வேண்டும். தெருவில் விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டாத குறையாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை.

மூன்றாம் மாடி அக்காவுடையது கரன்ட் கார். சார்ஜ் போடும் ப்ளக் சுவரில் இருக்கிறது, வேண்டுமானால் சுவரை நகர்த்திக்கொள்ளுங்கள் என்றாள். பூக்கடைக்காரர் தன் வேன் பிழைப்புக்கு, மற்றவர்களுடையதெல்லாம் பவுசுக்கு என்றார். அந்தப் பேச்சில் பத்து நிமிடம் போனது. காரே இல்லாத இரண்டு பேர் டீக் கோப்பையோடு இறங்கி வந்து யோசனை சொன்னார்கள்.

கடைசியில் எல்லோர் பார்வையும் தையல்கார அம்மாவின் பழைய சின்னக் கார்மேல் போய் நின்றது.

ஏழில் கோட்டுக்குள் ஒழுங்காக நிற்பது அது ஒன்றுதான். ஆனால் அந்த அம்மா தனியாக இருப்பவர், அதிர்ந்து பேசாதவர். பழைய வண்டிதானே, கொடுத்துவிடலாமே என்று டாக்டர், வலிக்காது என்று நோயாளியிடம் சொல்லும் அதே குரலில் கேட்டார்.

“பெருசா வாங்குனது நீங்கல்லாம். நான் ஏன் டாக்டர் வெளிய போகணும்?”



வாத்தியார் குனிந்தார். பிரஷைப் பெயின்டில் முக்கி, தரையில் இருந்த நான்காம் எண்ணின்மேல், அது மறையும்வரை இழுத்தார்.

நான்கு அவருடைய கட்டம்.

டாக்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் கையிலும் பெயின்டை ஒட்டிக்கொண்டார். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார் பூக்கடைக்காரர். வாத்தியாருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவரவர் வண்டியை எடுங்கள், கோடு போடணும் என்று அதட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

முதல் திருப்பத்திலேயே மனைவி மறித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அங்கிருந்தே கேட்டிருக்கிறாள். ஊருக்கு நல்லவராக இருக்க வீட்டுக் கார்தான் கிடைத்ததா, நாளைக்கு என்னை யார் ஆபீசில் விடுவது, வண்டியைச் சுருட்டிப் பீரோவில் வைப்பதா என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

அவர் படியில் உட்கார்ந்தார்.

மூன்று வாரத்துக்கு முன் கண் டாக்டர் சொன்னதைச் சொன்னார். பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனிமேல் கார் ஓட்டக் கூடாது. நேராகப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறதே, டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று இருந்துவிட்டார்.

அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. மூன்று வாரமாக என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதானே ஓட்டினீர்கள், இன்றைக்கு மட்டும் என்ன ஞானம் வந்தது என்றாள்.

வாத்தியார் உள்ளங்கையில் காய்ந்துகொண்டிருந்த பெயின்டைச் சுரண்டினார்.

வெள்ளிக்கிழமை, அவளை இறக்கிவிட்ட பிறகு, பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டாள் என்றார். ஆறாம் வகுப்பு, அவர் வகுப்புதான். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது.

மனைவி மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். நல்லவேளை, சரியான நேரத்தில் பிரேக் போட்டீர்கள் என்றாள்.

“நான் போடல. புது வண்டில்ல, அதுவாப் போட்டுக்கிச்சு. அந்தப் பொண்ணு குட் மார்னிங் சார்னு சொன்னப்புறம்தான் நான் அவளைப் பாத்தேன்.”